நிபந்தனையை நீங்களே எழுதுங்கள்

ரஸ்ட் மொழியில் ஜெனரிக்ஸும் டிரெய்ட்டும் பயிலும் இளம் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



ரஸ்ட் மொழியைக் கற்கத் தொடங்கி, உரிமை விதிகளின் கடுமையை ஒருவாறு கடந்து, கடன் வாங்கும் முறையையும் பழகிக்கொண்டு, ஸ்டீவ் கிளாப்னிக்கும் கரோல் நிக்கல்ஸும் எழுதிய பாடநூலின் பத்தாம் அத்தியாயத்தில் ஜெனரிக்ஸையும் டிரெய்ட்டையும் வாசித்து, அவற்றுக்குரிய சிறு பயிற்சிகளையும் முடித்துவிட்டு, இனி அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று நிற்கிற உங்களுக்கே இந்த மடலை எழுதுகிறேன். போவதற்கு முன் சற்று நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்வதே இதன் நோக்கம்.

உங்களைப் போன்ற மாணவர்கள் எழுதும் நிரல்களை வாசிக்கும் சந்தர்ப்பம் எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. அவற்றில் குற்றம் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. கம்பைலர் ஏற்றுக்கொண்டிருக்கிறது, சோதனைகளும் தேறியிருக்கின்றன. ஆயினும் ஒரு ஃபங்ஷனின் தலைப்பில் ‘டி’ என்ற டைப்புக்கு ‘பார்ஷியல்ஆர்ட்’, ‘காப்பி’, ‘குளோன்’, ‘டீபக்’ என்று நான்கு நிபந்தனைகள் வரிசையாக நிற்பதைக் கண்டு, இவற்றுள் ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று வினவினால், ‘கம்பைலர் கேட்டது, சேர்த்தேன்’ என்பதே அநேகமாகக் கிடைக்கும் விடை. கம்பைலர் கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடுவது ஒரு காரியத்தை முடிக்கும் வழியாக இருக்கலாம். அதை அப்பியாசம் என்று நான் கருதவில்லை. என் வேண்டுகோள் இதுதான்: ஃபங்ஷனின் உடலை எழுதுமுன், அதன் தலைப்பில் நிற்கவேண்டிய நிபந்தனை எது என்பதை நீங்களே யோசித்து எழுதுங்கள், எழுதியபின், அது யாரிடம் எதைக் கேட்கிறது என்பதை வாய்விட்டு ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். அவ்வாறு சொல்ல வராத நிபந்தனையை அழித்துவிடுங்கள்.

பாடநூல் எடுத்துக்கொண்ட கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஒரு வரிசையில் உள்ள எண்களுள் பெரியது எது என்று கண்டுபிடிக்க ஒரு ஃபங்ஷன். எழுத்துக்களுள் பெரியது எது என்று கண்டுபிடிக்க மற்றொரு ஃபங்ஷன். இரண்டின் உடலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. தலைப்பில் நிற்கும் டைப்பின் பெயர் மட்டுமே வேறு. ஆகவே அவ்விரண்டையும் ஒன்றாக்கி, டைப்பின் பெயர் இருந்த இடத்தில் ‘டி’ என்று வைத்து எழுதுகிறோம். உடனே கம்பைலர் இ0369 என்று எண்ணிட்ட பிழையைக் காட்டி, ‘டி’ என்னும் டைப்பின்மேல் ஒப்பீட்டுக் குறியைப் பிரயோகிக்க இயலாது என்று மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பின்கீழ் உதவிக் குறிப்பாக வரும் வரியைப் பிரதிசெய்து ஒட்டியவுடன் மறுப்பு மறைந்துவிடுவது உண்மைதான்; ஆனால் மறுத்ததற்குரிய நியாயத்தைச் சிந்திக்காமல் ஒட்டியவருக்கு அதனால் கிடைத்த லாபம் என்ன? ‘டி’ என்று எழுதும்போது நாம் உலகத்தில் உள்ள எல்லா டைப்புகளையும், இன்னும் ஒருவரும் எழுதியிராத டைப்புகளையுங்கூட, உள்ளே வரலாம் என்று அனுமதிக்கிறோம்; அவற்றுள் ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இடமே இல்லாதவை எத்தனையோ உண்டு. ஒரு நெட்வொர்க் இணைப்பு மற்றொரு நெட்வொர்க் இணைப்பைவிடப் பெரியதா என்ற கேள்விக்கு அர்த்தம் ஏது? அத்தகைய டைப் வந்தால் என்ன செய்வது என்று நாம் சொல்லாமல் விட்டதைத்தான் கம்பைலர் நமக்கு நினைவூட்டுகிறது.

சி பிளஸ் பிளஸ் மொழியில் டெம்பிளேட் என்று வழங்கும் முறையில் இதே ஃபங்ஷனை நிபந்தனை எதுவும் சொல்லாமலே எழுதலாம். எழுதும்போது அங்கே ஆட்சேபணை எழாது. யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் ஒப்பிட முடியாத ஒரு டைப்பைக் கொண்டுவந்து அந்த ஃபங்ஷனை அழைக்கும்போதுதான் பிழை வெளிப்படும். வெளிப்படும் இடமும், பெரும்பாலும், அழைத்தவர் ஒருபோதும் வாசித்திராத டெம்பிளேட்டின் உட்புறமாக இருக்கும். 2020ஆம் ஆண்டின் தரநிலையில் ‘கான்செப்ட்’ என்ற பெயரில் நிபந்தனைகளை எழுதும் வழி அம்மொழிக்கும் வந்து சேர்ந்தபின், அழைப்பவர் செய்யும் தவறு முன்னதாகவே பிடிபடுகிறது. ஆயினும் எழுதியவர் தாம் விதித்த நிபந்தனையின் எல்லைக்குள் நின்று உடலை எழுதினாரா என்பதைக் கம்பைலர் அங்கே சோதிப்பதில்லை. ரஸ்ட் மொழியிலோ இரு தரப்பும் கட்டுப்பட்டிருக்கின்றன. ஃபங்ஷனை எழுதியவர் நிபந்தனையில் கேட்டதற்கு மேல் ஒன்றையும் பயன்படுத்த முடியாது; அழைப்பவர் நிபந்தனையில் உள்ளதைக் கொடுத்தால் போதும், உடலைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒரு நூலகத்தை எழுதியவரும் அதைப் பயன்படுத்துகிறவரும் ஒருவரையொருவர் சந்திக்காமலே வேலை செய்யக்கூடிய சௌகரியம் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது. இவ்வளவு பாரத்தைத் தாங்குகிற வரியைக் குறிப்பிலிருந்து பிரதிசெய்து ஒட்டுவது எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது.

ஒப்பீடு தீர்ந்தது; அடுத்த சிக்கல் வருகிறது. வரிசையின் முதல் உறுப்பை எடுத்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ள முயன்றால், வரிசைக்குள்ளிருந்து அதை நகர்த்தி எடுக்க முடியாது என்று கம்பைலர் மறுத்து, ‘டி’க்குக் ‘காப்பி’ என்ற டிரெய்ட் இல்லாமையே காரணம் என்று விளக்கமும் சொல்கிறது. இந்த இடத்தில் மூன்று வழிகள் பிரிகின்றன. ‘காப்பி’யை நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம், அப்போது எண்களுக்கும் எழுத்துக்களுக்கும் ஃபங்ஷன் இயங்கும், ‘ஸ்ட்ரிங்’ போன்ற டைப்புகள் வெளியே நிறுத்தப்படும். ‘குளோன்’ என்று சேர்க்கலாம். ஸ்ட்ரிங்குகளும் உள்ளே வரும், ஆனால் பெரிய சொல் ஒன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் நினைவகத்தில் ஒரு புதிய பிரதி எடுக்கப்படும். மூன்றாவதாக, மதிப்பைத் திருப்பித் தராமல் மதிப்பின் ரெஃபரன்ஸை மட்டும் திருப்பித் தரலாம், அப்போது ‘காப்பி’யும் வேண்டாம், ‘குளோன்’னும் வேண்டாம், பெரியது எது என்று கேட்டவருக்கு அது இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும், வேண்டுமானால் பிரதியை அவரே எடுத்துக்கொள்வார். கேட்கப்பட்ட கேள்வி, ‘எது பெரியது?’ என்பது மட்டுமே. ‘அதை எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடு’ என்று யாரும் கேட்கவில்லை. கேள்விக்குச் சரியாகப் பொருந்தும் நிபந்தனை எது என்று யோசிக்கிறவர் தாமாகவே மூன்றாவது வழிக்கு வந்து சேருவார். பிழைச் செய்தியின் வழியே நடக்கிறவர் முதல் வழியிலேயே நின்றுவிடுவார். இரண்டு நிரல்களும் அன்றைய சோதனையில் தேறும் என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

இன்னும் ஓர் ஆழமான விஷயம் இந்தச் சிறு ஃபங்ஷனுக்குள் இருக்கிறது. பயிற்சி செய்கிறவர்களுள் வெகு சிலரே அதுவரை போகிறார்கள். ஒப்பீட்டுக்கு ரஸ்டில் இரண்டு டிரெய்ட்டுகள் உண்டு: ‘பார்ஷியல்ஆர்ட்’ ஒன்று, ‘ஆர்ட்’ மற்றொன்று. ஒப்பீட்டுக் குறியைப் பிரயோகிக்க முன்னதே போதும். பின்னது எதற்கு? தசம எண்களைக் கணினியில் குறிக்கும் ஐஇஇஇ 754 என்ற தரநிலை, 1985இல் வெளிவந்தது முதலாகவே, ‘எண் அல்லாதது’ என்ற பொருளில் ‘நேன்’ எனப்படும் ஒரு மதிப்பை வைத்திருக்கிறது; பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் கிடைப்பது அதுவே. அந்த மதிப்பு எந்த எண்ணைவிடவும் பெரியதும் அன்று, சிறியதும் அன்று, எதற்கும் சமமும் அன்று. தனக்குத்தானேகூடச் சமம் அன்று. இனி நம்முடைய ஃபங்ஷனுக்கு ஒரு தசம எண் வரிசையைக் கொடுத்துப் பாருங்கள். வரிசையின் நடுவே நேன் இருந்தால், அதனோடு செய்யும் ஒப்பீடு பொய்யாக முடிவதால் அது தாண்டிச் செல்லப்படும்; விடை சரியான எண்ணாக வரும். அதே நேன் வரிசையின் முதலில் இருந்தாலோ, அதற்குப்பின் வரும் ஒவ்வொரு எண்ணும் ‘இதைவிடப் பெரியதா?’ என்ற சோதனையில் தோற்றுவிடும். விடையாக நேனே திரும்பிவரும். எண்கள் அவையே, வரிசை முறை மாறியதால் விடை மாறிவிட்டது. இப்படிப்பட்ட ஃபங்ஷனை ‘பெரியதைக் கண்டுபிடிக்கும்’ ஃபங்ஷன் என்று அழைப்பது தகுமா?

‘ஆர்ட்’ என்ற டிரெய்ட் எந்த இரண்டு மதிப்புகளை எடுத்தாலும் அவற்றுள் ஒரு நிச்சயமான ஒழுங்கு உண்டு என்று உறுதி கூறுவது. ‘எஃப்64’ அந்த உறுதியைக் கொடுக்க முடியாத காரணத்தால்தான் அதற்கு ‘ஆர்ட்’ வழங்கப்படவில்லை. தசம எண்களின் பட்டியலைச் சாதாரண முறையில் வரிசைப்படுத்த முயலும் ஒவ்வொரு புதிய மாணவரும் திகைத்து நிற்பதும் இதனால்தான். அந்தத் திகைப்பை மொழியின் குறையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குறை எண்களில் இருக்கிறது. மற்ற மொழிகள் பல அதை மூடி வைத்திருந்தன, ரஸ்ட் அதைத் தலைப்பு வரியில் எழுதி வைத்தது. நேனுக்கும் ஓர் இடத்தை நிர்ணயித்து ஒப்பிட வேண்டுமானால் ‘டோட்டல்_சிஎம்பி’ என்ற ஃபங்ஷன் 2022இல் வந்த 1.62ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. அதை எடுத்துப் பிரயோகிக்கிறவர், நேன் வரக்கூடும் என்பதைத் தாம் அறிவார் என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். வரிசை வெறுமையாக இருந்தால் பெரியது எது என்ற மற்றொரு கேள்வியையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். மொழியின் நூலகத்தில் உள்ள ‘மேக்ஸ்’ என்ற ஃபங்ஷன் ‘ஆர்ட்’டை நிபந்தனையாகக் கேட்டு ‘ஆப்ஷன்’ என்ற டைப்பை விடையாகத் தருவதன் காரணத்தை அப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இந்த எண்ணங்கள் ரஸ்டோடு பிறந்தவை அல்ல என்பதை அறிந்துகொள்வதும் பயிற்சிக்கு உதவும். கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கில அறிஞர் 1967இல் கோபன்ஹேகனில் நிகழ்த்திய விரிவுரைகளில், எல்லா டைப்புகளுக்கும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் ஃபங்ஷன்களையும், டைப்புக்கு டைப் வேறு விதமாக நடந்துகொள்ளும் ஃபங்ஷன்களையும் பிரித்துக் காட்டினார். முன்னதற்கு ராபின் மில்னர் எம்எல் என்ற மொழியில் உறுதியான அடித்தளம் இட்டார். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவும் அவருடைய மாணவர்களும் 1970களில் உருவாக்கிய ‘க்ளூ’ என்ற மொழியில், டைப்புக்கு இன்ன செயல் இருக்கவேண்டும் என்று ‘வேர்’ என்ற சொல்லின்பின் நிபந்தனை எழுதும் வழக்கம் இருந்தது. இன்று நீங்கள் ரஸ்டில் எழுதும் ‘வேர்’ பகுதியை வாசிக்கும்போது அதன் சாயலைக் காணலாம். 1989இல் பிலிப் வாட்லரும் ஸ்டீபன் பிளாட்டும் ஹாஸ்கெல் மொழிக்காக வகுத்த ‘டைப் கிளாஸ்’ என்ற அமைப்பில், ஸ்ட்ரேச்சி பிரித்துக் காட்டிய இரண்டும் ஒரே ஒழுங்குக்குள் வந்தன. ரஸ்டின் டிரெய்ட் அந்த வம்சத்தில் வந்தது. பொருள்நோக்கு மொழிகளின் பரம்பரை முறையை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் புரிந்துகொள்ள முயலுகிறவர்கள் அடிக்கடி தடுமாறுவது இந்த வம்சத்தை அறியாமையால்தான்.

இந்தப் பாரம்பரியத்திலிருந்து ஓர் அருமையான அப்பியாசம் நமக்குக் கிடைக்கிறது. உடலை மூடி வைத்துவிட்டுத் தலைப்பை மட்டும் பாருங்கள். ‘டி’ ஒன்றை வாங்கி ‘டி’ ஒன்றைத் திருப்பித் தரும் ஃபங்ஷன், நிபந்தனை ஏதும் இல்லாமல் எழுதப்பட்டிருந்தால், அது என்ன செய்யக்கூடும்? வாங்கியதை அப்படியே திருப்பித் தரலாம். அல்லது திரும்பி வராமலே நின்றுபோகலாம். அதற்கு மேல் அந்த மதிப்பை வைத்துக்கொண்டு செய்வதற்கு அதனிடம் அநேகமாக ஒன்றும் இல்லை. அதே தலைப்பில் ‘டீஃபால்ட்’ என்ற நிபந்தனையைச் சேர்த்துவிட்டால், வாங்கியதை எறிந்துவிட்டு வேறொன்றைத் தரும் உரிமையும் அதற்கு வந்துவிடுகிறது. ஆகவே நிபந்தனை ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் இரண்டு விளைவுகள் உண்டு: அழைப்பவருடைய சுதந்திரம் குறைகிறது, உடலுக்குள் நடக்கக்கூடியவற்றின் எண்ணிக்கை பெருகுகிறது. நிபந்தனை குறைந்த ஃபங்ஷனை வாசிக்கிறவர் தலைப்பிலிருந்தே பெரும்பகுதியை ஊகித்துவிடலாம். நிபந்தனை மிகுந்த ஃபங்ஷனை உடல் முழுவதையும் வாசித்தே தீரவேண்டும்.

சமையலுக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்கிறவர், சமைக்கத் தெரிவதோடு வீணை வாசிக்கவும் தெரிந்திருக்கவேண்டும் என்று எழுதினால், நல்ல சமையற்காரர்கள் பலர் வாசலோடு திரும்பிப் போய்விடுவார்கள். தேவைக்கு மேற்பட்ட நிபந்தனையும் அப்படியே. அச்சிட்டுப் பார்ப்பதற்காக ஒரு நாள் சேர்த்த ‘டீபக்’, வேலை முடிந்தபின்னும் அங்கேயே நின்று, பின்னால் வருகிற எவருடைய டைப்பையோ காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புகிறது. இதில் மொழியின் நூலகமே உங்களுக்கு ஆசிரியராக இருக்கும். ‘ஹாஷ்மேப்’ என்ற அட்டவணையின் சாவியாக இருக்கும் டைப்புக்கு ‘ஈக்யூ’, ‘ஹாஷ்’ என்ற இரண்டும் வேண்டும் என்பதை அறிவீர்கள். ஆனால் அட்டவணையின் ஸ்ட்ரக்ட் வரையறையில் அந்த நிபந்தனைகள் இல்லை. வெறுமையான அட்டவணையை உண்டாக்கும் ‘நியூ’ என்ற ஃபங்ஷனிலும் இல்லை. ஒன்றை உள்ளே வைக்கவும் தேடவும் செய்கிற ஃபங்ஷன்கள் அடங்கிய இம்பிள் பகுதியில்தான் இருக்கின்றன. வெறும் அட்டவணையை உண்டாக்குவதற்குச் சாவிகளை ஒப்பிடவேண்டிய தேவை ஏது? தேவை எங்கே எழுகிறதோ அங்கே மட்டும் நிபந்தனையை வைப்பது என்ற இந்த மரியாதையை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

டிரெய்ட்டைப் பயன்படுத்துவதிலிருந்து டிரெய்ட்டை வகுப்பதற்கு வருவோம். இங்கே ‘இட்டரேட்டர்’ என்பதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. அதை உங்கள் டைப்புக்கு வழங்கும்போது நீங்கள் கட்டாயம் எழுதவேண்டியது ‘நெக்ஸ்ட்’ என்ற ஒரே ஒரு ஃபங்ஷன். அதை எழுதியவுடன் மேப், ஃபில்ட்டர், ஜிப், சம் முதலாகப் பல பத்து ஃபங்ஷன்கள் உழைப்பின்றி வந்து சேருகின்றன. ஒன்று முதல் ஐந்து வரை எண்ணும் ஒரு சிறு எண்ணியை எழுதி இந்த விந்தையை உங்கள் கையால் ஒரு முறை செய்து பாருங்கள். பிறகு அதில் ‘ஐட்டம்’ என்று ஒரு டைப் டிரெய்ட்டுக்கு உள்ளேயே பெயரிடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ‘ஃப்ரம்’ என்ற டிரெய்ட்டில் அதுபோன்ற டைப் கோண அடைப்புக்குள் வெளியே நிற்கிறதே, இது ஏன் உள்ளே நிற்கிறது? ஒரு ஸ்ட்ரிங் பல டைப்புகளிலிருந்து உண்டாகலாம், ஆகவே ‘ஃப்ரம்’ ஒரே டைப்புக்குப் பல முறை வழங்கப்பட இடம் வேண்டும். ஓர் எண்ணியோ எண்களைத் தருவதென்றால் எண்களையே தரும், ஆகவே ‘இட்டரேட்டர்’ ஒரு டைப்புக்கு ஒரே ஒரு முறைதான் வழங்கப்படலாம். டைப்பைத் தேர்ந்தெடுப்பவர் அழைப்பவரா, வழங்குபவரா என்ற கேள்வியைக் கேட்டுவிட்டால், எதை உள்ளே வைப்பது, எதை வெளியே வைப்பது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அநாதை விதி என்று வழங்கும் ஒன்றைப் பற்றி உங்களிடமிருந்து முறையீடுகள் பல வருகின்றன. டிரெய்ட், டைப் ஆகிய இரண்டில் ஒன்றாவது உங்கள் கிரேட்டைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். நூலகத்தின் ‘டிஸ்ப்ளே’யை நூலகத்தின் ‘வெக்’குக்கு நீங்கள் வழங்க முயன்றால் இ0117 என்ற பிழை வரும். முறையீட்டில் உள்ள சங்கடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விதி இல்லாத நிலையை எண்ணிப் பாருங்கள்: ஒருவர் எழுதிய கிரேட்டும் மற்றொருவர் எழுதிய கிரேட்டும் ஒரே டைப்புக்கு ‘ஹாஷ்’ஷை இரு விதமாக வழங்கியிருந்தால், ஒன்றில் நிரப்பப்பட்ட அட்டவணை மற்றொன்றின் கைக்குப் போகும்போது, உள்ளே இருக்கும் சாவியே இல்லை என்று விடை வரும். எவருடைய நிரலிலும் குற்றமில்லாமல் விளையும் அந்தக் குழப்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, அந்நிய டைப்பை உங்களுடைய ஒரு ஸ்ட்ரக்டுக்குள் பொதிந்து, அதற்கு டிரெய்ட்டை வழங்குவது எவ்வளவோ மேல். அந்தப் பொதியலால் ஓடும் நேரத்தில் செலவும் இல்லை.

செலவு என்றதும் மற்றொரு விஷயம் நினைவுக்கு வருகிறது. ஜெனரிக் ஃபங்ஷனை எந்தெந்த டைப்போடு அழைக்கிறீர்களோ அந்தந்த டைப்புக்குத் தனித்தனிப் பிரதியைக் கம்பைலர் உண்டாக்குகிறது. ஓடும்போது வேகம் குறைவதில்லை, அதற்குப் பதிலாகக் கம்பைல் செய்யும் நேரமும் கிடைக்கும் கோப்பின் பருமனும் கூடுகின்றன. ‘டைன்’ என்ற சொல்லை இட்டு எழுதினாலோ, பிரதி ஒன்றே. டைப்பைப் பற்றிய தீர்மானம் ஓடும் நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. சுட்டி இரு மடங்காகி, 64 பிட் கணினியில் 16 பைட் கொண்டு, ஒரு பாதியால் மதிப்பையும் மறு பாதியால் ஃபங்ஷன்களின் அட்டவணையையும் காட்டுகிறது. இது ஏதோ புதிய மந்திரம் என்று எண்ணவேண்டாம். சி மொழியில் எழுதப்பட்ட லினக்ஸ் கெர்னலில் ‘ஃபைல்_ஆபரேஷன்ஸ்’ என்ற ஸ்ட்ரக்ட், ஃபங்ஷன் சுட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு நெடுங்காலமாகச் செய்துவருகிற வேலையும் இதுவே. அங்கே மனிதர் கையால் நிரப்புகிற அட்டவணையை இங்கே கம்பைலர் நிரப்புகிறது. 2022 டிசம்பரில் வந்த 6.1ஆம் பதிப்பு முதல் அந்தக் கெர்னலுக்குள் ரஸ்டுக்கும் இடம் கிடைத்திருப்பதால், இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. நூலகத்தில் கோப்பை வாசிக்கும் ஃபங்ஷனின் மூலத்தைத் திறந்து பாருங்கள்: பலவிதப் பாதைகளையும் ஏற்கும் மெல்லிய ஜெனரிக் மேலுறை ஒன்றும், உள்ளே ஜெனரிக் அல்லாத ‘இன்னர்’ என்ற ஃபங்ஷன் ஒன்றும் இருக்கும், பிரதிகள் பெருகினாலும் மேலுறை மட்டுமே பெருகும்.

இவ்வளவும் சொன்னபின், ஜெனரிக்கை எங்கும் எழுதுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009இல் வெளியான கோ மொழி 2022 மார்ச்சில் வந்த 1.18ஆம் பதிப்பு வரை ஜெனரிக்ஸ் இல்லாமலே பெரும் காரியங்களைச் சாதித்தது. ஒரே ஒரு டைப்போடு மட்டும் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கு ‘டி’ எதற்கு? முதலில் நிஜமான டைப்பை வைத்து எழுதுங்கள்; இரண்டாவது டைப் வரும்போது மறுபடியும் எழுதுங்கள்; இரண்டு உடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவற்றில் பொதுவாக நிற்கும் செயல்கள் எவை என்று எண்ணி எடுங்கள். அவையே உங்கள் நிபந்தனைகள். அச்செயல்களைக் கண்டெடுக்கும் இந்த வேலையை எடிட்டரில் தானாக நிரப்பும் கருவிகளிடம், பயிலும் காலத்திலாவது, விட்டுவிடாதீர்கள். கருவி தரும் நிபந்தனை சரியாகவே இருந்தாலும், அதைக் கண்டெடுக்கும் பழக்கம் உங்களிடம் வளராது.

கடைசியாக ஒரு கணக்கு. விடை தரமாட்டேன், இடர்களை மட்டும் காட்டுகிறேன். தொடக்கம், முடிவு என்ற இரண்டு ‘டி’ மதிப்புகளைக் கொண்ட ‘இன்டர்வல்’ என்ற ஸ்ட்ரக்ட் ஒன்றை எழுதுங்கள். ஒரு மதிப்பு அதற்குள் அடங்குமா என்று சொல்லும் ஃபங்ஷன் ஒன்றும், அதன் நீளத்தைச் சொல்லும் ஃபங்ஷன் ஒன்றும் அதற்கு வேண்டும். யு32, எஃப்64, ஸ்ட்ரிங், நூலகத்தின் ‘இன்ஸ்டன்ட்’ என்ற நேரம் ஆகிய நான்கு டைப்புகளுக்கும் அது பயன்படவேண்டும். தொடக்கம் முடிவைவிடப் பெரியதாக இருந்தால் மறுப்பதாக நீங்கள் எழுதினால், நேன் தடையின்றி உள்ளே நுழைந்துவிடும்; தொடக்கம் முடிவுக்குச் சமமாகவோ சிறியதாகவோ இருந்தால் மட்டுமே ஏற்பதாக எழுதினால் நுழையாது; இரண்டு சோதனைகளும் ஒன்றுபோலத் தோன்றுவதால் ஏமாந்துவிடாதீர்கள். நீளத்துக்காக ‘சப்’ என்ற கழித்தல் டிரெய்ட்டைக் கேட்கும்போது, கழித்தலின் விடையும் ‘டி’யாகவே இருக்கவேண்டும் என்று பழக்கத்தால் எழுதிவிட்டால், இன்ஸ்டன்ட் வெளியே நின்றுவிடும்; ஒரு நேரத்திலிருந்து மற்றொரு நேரத்தைக் கழித்தால் கிடைப்பது நேரம் அன்று, ‘டியூரேஷன்’ என்ற கால அளவு. ஸ்ட்ரிங்குக்குக் கழித்தலே கிடையாது; ஆயினும் அகராதியின் இரண்டு சொற்களுக்கு இடையே மூன்றாவது சொல் அடங்குமா என்று கேட்கும் உரிமை அதற்கு உண்டு. ஸ்ட்ரிங்குகளைக் கொண்ட இன்டர்வலிடம் நீளத்தைக் கேட்கும் வரி ஒன்றையும் வேண்டுமென்றே எழுதி வையுங்கள். அந்த ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் அதன் நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று இ0599 என்ற எண்ணோடு கம்பைலர் சொல்லும் விடையை முழுவதும் வாசித்து, அது பெயர் சொல்லிக் குறிப்பிடும் டிரெய்ட், நீங்கள் எழுதிய எந்த இம்பிள் பகுதியின் தலைப்பில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் நண்பன்